முதலில் சோபா வரும்

குமாசி, ஆகஸ்ட் 4

அன்புள்ள டுஃபி அக்காவுக்கு, உன் தம்பி ஒதுரோ எழுதுவது. இங்கே எல்லாம் சுகம், குளிர்ச்சியாக இருக்கிறது. அங்கும் அப்படியே இருக்கட்டும். யாம் கிழங்குத் தோட்டத்தில் விழுந்து அடிபட்ட முழங்கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? காற்றில் ஊர் டவர் சாய்ந்ததிலிருந்து போனில் உன் குரலே கிடைப்பதில்லை. அதனால் டிரைவர் பாரிமா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பெரிய அக்கா அச்சியா நலம். வயிற்று வலிக்குக் கொடுத்த மருந்து கேட்கிறதாம். இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரு சின்ன உதவி. நம் குடும்ப வீட்டுக் கூடத்தில் கிடக்கும் நீள சோபாவையும் ஒற்றை நாற்காலிகளையும் அளந்து அனுப்பு. முதுகின் உயரம், உட்காரும் இடத்தின் ஆழம், கை வைக்கும் இடத்தின் அகலம். எல்லாவற்றுக்கும் மேல்துணி மாற்றலாம் என்றிருக்கிறேன். இப்போது ரெக்சினை யாரும் சீந்துவதில்லை. எங்கள் சோபாக் கடைத்தெரு முழுக்க வெல்வெட்தான். துருக்கியிலிருந்து ஒரு ரகம் வருகிறது, விரலால் கோடு போட்டால் நிற்கும், எதிர்ப்பக்கம் தடவினால் மறையும். ஆட்டுக்குட்டியின் முதுகு மாதிரிச் சுருள் சுருளாக இன்னொன்று. அக்ராவில் புது வீடு கட்டுகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். உள்ளே வைக்கும் பஞ்சும் புது மாதிரி. எழுந்த மறுநிமிடம் பொங்கி மேலே வந்துவிடும். ஆள் உட்கார்ந்த தடமே இருக்காது.

ஏன் இப்போது என்று கேட்காதே. சும்மாதான்.

உன் தம்பி,
ஒதுரோ

*

அபோன்சோ, ஆகஸ்ட் 19

தம்பி ஒதுரோவுக்கு, அக்கா டுஃபி சொல்ல, தையல்காரி கம்ஃபர்ட் எழுதுவது. இங்கே எல்லாம் குளிர்ச்சி. பாதையில் வந்தது உன் கடிதம், அதுதான் கொஞ்சம் சுடுகிறது.

முழங்கால் இன்னும் பப்பாளி மாதிரித்தான் இருக்கிறது. கோலை ஊன்றி கிணறு வரை போகிறேன். வண்டிப் படியில் கால் வைக்க முடியாது. இல்லாவிட்டால் இந்நேரம் உன் கடை வாசலில் நின்றிருப்பேன்.

நாற்காலிகளை அளந்துவிட்டேன். கம்ஃபர்ட்டின் டேப்பால் அவளே அளந்தாள், கணக்கைத் தனித் தாளில் வைத்திருக்கிறோம். நீ சொல்வது சரி, ரெக்சின் நாசமாய்த்தான் போயிருக்கிறது. ஈஸ்டர் சமயம் கோயில் உபதேசியார் வந்து அந்த நீள சோபாவில் உட்கார்ந்தார். நல்ல வெயில். வெள்ளை அங்கி. எழுந்தபோது முதுகெல்லாம் பல்லித்தோல் மாதிரிப் பழுப்புத் துண்டுகள். "ஐயா, சட்டை உரிக்கிறீங்களா?" என்று நம் அச்சியாதான் கேட்டாள். அவர் அடுத்த ஞாயிறு முழுக்கச் சர்ப்பத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். கம்ஃபர்ட் சிரிக்கிறாள். இதையும் எழுது என்றேன்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தத் தோல் இன்று நேற்று உரியவில்லை. நீ கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வந்து அதன்மேல் உட்கார்ந்துதான் ஃபுஃபு தின்றுவிட்டுப் போனாய். அப்போதெல்லாம் வராத யோசனை இப்போது ஏன்? சும்மா என்கிறாய். 'சும்மா' என்ற சொல்லுக்குள் ஒரு மூட்டையையே ஒளித்து வைக்கலாம் தம்பி.

அச்சியாவை எனக்கு இரண்டு வரி சொல்லச் சொல். நீ எழுது. அவள் சொன்னதா நீ சொன்னதா என்று எனக்குத் தெரியும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆணியை வாயில் வைத்துக்கொண்டு பேசாதே.

டுஃபி

*

குமாசி, செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். உன் காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், இரண்டு வேளை தேய்.

அளவுகள் வந்தன. கம்ஃபர்ட் தங்கச்சிக்கு நன்றி. நிறம் விஷயமாகத்தான் இப்போது எழுதுகிறேன். இந்த வருடம் எல்லோரும் சாம்பல் நிறம்தான் கேட்கிறார்கள். சுவர் சாம்பல், திரை சாம்பல், சோபா சாம்பல். அழுக்குத் தெரியாது, மரியாதையாகவும் இருக்கும். பெரிய கூட்டம் வந்தாலும் கண்ணை உறுத்தாது.

அச்சியா அக்கா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். இப்போது தூங்குகிறாள், அதனால் வரிகள் வாங்க முடியவில்லை.

ஒதுரோ

*

அபோன்சோ, செப்டம்பர் 27

தம்பிக்கு, அக்கா எழுதுவது. தைலம் வந்தது. தேய்த்தேன். கால் எரிகிறது, நெஞ்சு அதைவிட எரிகிறது.

எந்தப் பெரிய கூட்டம்? நம் கூடத்தில் மழைக்கு ஒதுங்கும் கோழிகளைத் தவிர எந்தக் கூட்டத்தை நீ பார்த்தாய்?

கோகோ வியாபாரி டார்கோவை உனக்கு நினைவிருக்கிறதா? தன் மாதுளை மரத்துக்கே காவல் ஆள் போட்ட மனிதர். அவர் அக்ராவுக்கு வைத்தியத்துக்குப் போனார். "அப்பா ஓய்வெடுக்கிறாங்க" என்றான் மகன். ஓய்வெடுக்கட்டும் என்றோம். பிறகு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தரைக்கு டைல் போட்டார்கள். "அப்பா வந்தா வழுக்காதா?" என்று கேட்டேன், மகன் கொத்தனாரைக் கூப்பிடப் போய்விட்டான். ஒருநாள் லாரியில் நைலான் சுற்றிய சோபா வந்து இறங்கியது. அது வாசற்படியைத் தாண்டுவதற்குள் கிழவிகள் ஒப்பாரி வைக்க இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். அத்தனை மாதமும் மனிதர் செத்து ஐஸ் அறையில் கிடந்திருக்கிறார். பட்டணத்திலிருந்து துக்கத்துக்கு வருகிறவர்கள் நல்ல இருக்கையில் உட்கார வேண்டுமே, அதற்காகக் காத்திருந்திருக்கிறார். உயிரோடு இருந்தவரை அவர் உட்கார்ந்தது ஒரு கால் ஆடும் ஸ்டூலில். அன்றிலிருந்து நம் ஊரில் சொல்கிறார்கள், முதலில் சோபா வரும், பின்னால் சவம் வரும் என்று. இது உனக்குத் தெரியாததா?

பாரிமாவைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"யாரை?"

"ஒதுரோவை."

"அவனை யாருடா கேட்டது? அச்சியாவைப் பாத்தியா?"

"கதவு சாத்தியிருந்துச்சு. தூங்குறாங்கன்னான்."

"எப்ப?"

"உச்சி வெயில்ல."

அச்சியா உச்சி வெயிலில் தூங்கினாள் என்றால், நம் சேவல் முட்டையிட்டது என்றும் எழுது, அதையும் நம்புகிறேன்.

அவளுக்கென்று ஒரு கூடை நத்தை அனுப்புகிறேன், மழையில் பொறுக்கியது, நல்ல கொழுத்தது. பனங்கொட்டைக் குழம்பு வைத்துக் கொடு. சாப்பிட்டு என்ன சொன்னாள் என்று எழுது.

டுஃபி

*

குமாசி, அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு, எல்லாரும் நலம். நத்தை உயிரோடு வந்து சேர்ந்தது. குழம்பு வைத்தோம். அச்சியா அக்கா ரசித்துச் சாப்பிட்டாள். தட்டை வழித்தாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். உன் மனம் நிம்மதியாகட்டும்.

நாற்காலிச் சட்டங்களை எடுத்துவர அடுத்த வாரம் லாரி வரும். நிறம் மாறிவிட்டது. சாம்பல் இல்லை, பழுத்த மாம்பழ மஞ்சள். என் யோசனை இல்லை. மஞ்சள் வெல்வெட் கேட்டு இந்த வருடம் ஒருவரும் கடை ஏறவில்லை, துணியைத் தேடவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் சொன்னால் சொன்னதுதான், செய்ய வேண்டியிருக்கிறது.

காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே.

ஒதுரோ

*

அபோன்சோ, அக்டோபர் 20

ஒதுரோவுக்கு,

அச்சியா நத்தை தின்னமாட்டாள்.

சின்னவளாக இருந்தபோது ஒருமுறை தின்று, முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு நின்றுபோக, அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். அன்றிலிருந்து நத்தை வேகும் அடுப்புப் பக்கமே வரமாட்டாள். நீ அப்போது பிறக்கவில்லை. பிறந்த பிறகும் மாமா வீட்டில் வளர்ந்தாய். உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அனுப்பினேன்.

லாரி வந்தது. ஒற்றை நாற்காலிகளைத் தூக்கிவிட்டார்கள். நீள சோபாவில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "அம்மா, எறங்குங்க, மழை வருது" என்றார்கள். "வரட்டும்" என்றேன். "உங்களோட சேத்துத் தூக்குவோம்" என்றான் ஒருவன். "தூக்கு. குமாசிக்குப் போகத்தான் எனக்கு வழியில்லாம இருக்கு" என்றேன். சோபாவை விட்டுவிட்டுப் போனார்கள்.

என் அக்கா எங்கே?

டுஃபி

*

அபோன்சோ, நவம்பர் 15

ஒதுரோவுக்கு,

பதில் இல்லை. பாரிமாவும் என் வீட்டைத் தாண்டும்போது ஹாரனை அமுக்கிக்கொண்டே போகிறான், நான் கூப்பிடுவது கேட்காத மாதிரி. அவன் வண்டி முதுகில் 'வாயை மூடு, கடவுள் பேசுவார்' என்று எழுதியிருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் அதைத்தான் படித்திருக்கிறீர்கள் போல.

ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயம் எடுத்துக்கொண்டு குடும்பப் பெரியவர் அம்பொன்சாவிடம் போனேன். கோலை ஊன்றி ஊன்றிப் போய்ச் சேர்வதற்குள் வெயில் தலைக்கு ஏறிவிட்டது. வழியில் மூன்று வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், மூன்று வீட்டிலும் "அச்சியா எப்படி?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நலம் என்று சொல்லிச் சொல்லி என் நாக்கே தடித்துவிட்டது.

பெரியவரிடம் சோபா, சாம்பல் நிறம், உச்சி வெயில் தூக்கம், நத்தை எல்லாம் சொன்னேன். புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு உங்கிட்ட சொன்னா, அச்சியா போயிட்டான்னு?"

"யாரும் சொல்லல. அதான் வந்தேன்."

"எங்கிட்ட சொல்லாம என் குடும்பத்துல யாரும் சாகக் கூடாது!" என்று கோலால் தரையைத் தட்டினார். "முறைன்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பய வந்து எங்கிட்ட சொல்லணும். நான் ஊருக்குச் சொல்லணும். அப்புறம்தான் கண்ணீரு. அதுவரைக்கும் நீ அழாத."

"நான் எங்க அழறேன்?"

"இப்ப வழியுதே, அது என்ன?"

"வெயில்" என்றேன். அவர் புட்டியைத் திறந்து முதல் ஊற்றைத் தரைக்கு, முன்னோருக்கு, விட்டார். பேர் சொல்லும்போது அச்சியா என்று சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் அவர் வாய் அப்படியே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறுதியாயிற்று.

வீட்டுக்கு வந்து என் பழைய துணியைக் கறுப்புச் சாயத்தில் முக்கிக் காயப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரிகள் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை.

எந்த ஐஸ் அறை என்று மட்டுமாவது எழுது. தனியாகக் கிடக்கிறாளா?

டுஃபி

*

குமாசி, நவம்பர் 27

அக்கா,

நத்தையைத் தின்றது நான். தட்டை வழித்ததும் நான். அன்று அவள் எதுவும் சாப்பிடுகிற நிலையில் இல்லை. அதை எழுதக் கூடாது என்று எனக்குக் கட்டளை. யாருடைய கட்டளை என்று கேட்காதே. இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் நான் வாக்குத் தவறியவன் ஆவேன்.

நீள சோபாவைக் கொடுத்துவிடு. கையெடுத்துக் கும்பிடுகிறேன். கிறிஸ்துமஸ் வேலை குவிந்திருக்கிறது, ஊரில் பாதிப் பேருக்கு ஒரே வாரத்தில் வெல்வெட் வேண்டுமாம், என்னால் வர முடியாது. தைத்து முடித்ததும் எல்லாம் பாரிமாவின் வண்டியில் வரும். பெரியவர் எதுவும் செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொல்.

ஒதுரோ

*

அபோன்சோ, டிசம்பர் 3

ஒதுரோவுக்கு,

சோபா வருகிறது, எடுத்துக்கொள். அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் அலுத்துவிட்டது.

அதோடு ஒரு பொட்டலம் இருக்கும். அச்சியாவின் பெட்டியிலிருந்து எடுத்தது, நீலத்தில் வெள்ளைப் பறவை போட்ட துணி. அதை அவள் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை, எனக்குக்கூட. அவளுக்கு அதையே போர்த்துங்கள். ஆஸ்பத்திரித் துணியில் அவளை ஊருக்குக் கொண்டு வராதே. இது ஒன்றை மட்டும் கேட்கிறேன், வேறு எதையும் கேட்கவில்லை.

கம்ஃபர்ட்டுக்கு எழுத்து மறைக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள். அவள் அழலாம், அவள் நம் குடும்பம் இல்லை.

டுஃபி

*

அபோன்சோ, டிசம்பர் 28

என் தம்பி ஒதுரோவுக்கு, உன் அக்கா டுஃபி எழுதுவது. இங்கே குளிர்ச்சி. நிஜமாகவே குளிர்ச்சிதான், பாலைக்காற்று வந்துவிட்டது, உதடெல்லாம் வெடிக்கிறது. நீ நலமா? கடை நலமா?

பாரிமாவின் வண்டி ஊருக்குள் நுழைந்தபோது நான் கறுப்புத் துணியில் வாசலில் இருந்தேன். பெரியவர் அம்பொன்சாவும் கறுப்பில்தான் இருந்தார், ஆனால் முறைப்படி யாரும் சொல்லாததால் மேலே பழுப்புத் துண்டு ஒன்றைப் போட்டு மறைத்திருந்தார். வண்டியின் கூரையில் நைலானுக்குள் மஞ்சள் தெரிந்தது. அது போதாதா? நாலு வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு, "அச்சியா, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!" என்று தொடங்கினாள்.

"எங்கடீ போனேன்?" என்று முன்சீட்டிலிருந்து ஒரு குரல். "கதவு தெறக்க மாட்டேங்குது. யாராச்சும் வெளியேருந்து இழுங்க!"

எதிர்வீட்டுக்காரி விழுந்தடித்து ஓடினாள். அவள் செருப்பு ஒன்று இன்னும் நம் வாசலில் கிடக்கிறது. பெரியவர் மட்டும் அசையவில்லை. "நீ உசுரோட இருக்கறதையும் எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார்.

கதவை நான்தான் இழுத்தேன். நீலத்தில் வெள்ளைப் பறவை. அந்தத் துணியைத்தான் கட்டியிருந்தாள். "நல்ல துணி அனுப்பினே. எதுக்கு அனுப்பினேன்னும் தெரியும்" என்றாள். இறங்கக் கை கொடுத்தேன். என் விரல்கள் அவள் கையைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. துணி இடுப்பை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"என்னடீ, கறிக்கடையில நிக்கற மாதிரி எடை போடுற? கைய விடு."

"நத்தை தின்னியாமே?"

"செத்தாலும் தின்னமாட்டேன்னு உனக்குத் தெரியாதா? அந்த முட்டாப்பய அவ்வளவையும் தின்னுட்டு ரெண்டு நாள் வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தான். எழுதாதேன்னு நான்தான் சொன்னேன். எழுதியிருந்தா நீ இந்தக் கால இழுத்துக்கிட்டு வந்து, என் கட்டில் பக்கத்துல உக்காந்து மூக்கச் சிந்துவே."

சோபாவைக் கூடத்தில் இறக்கினார்கள். நான் ஒன்று சொல்கிறேன், நீ கர்வப்படாதே: அந்த மஞ்சளில் நம் கூடம் முழுக்கப் பகலாகிவிட்டது. அச்சியா நைலானைக் கிழிக்கக் கத்தி கேட்டாள். பெரியவர் பதறினார்.

"உறைய எடுக்காத அச்சியா! காத்துல எவ்வளவு தூசி! விருந்தாளிங்க வரட்டும், அப்ப எடுக்கலாம்."

"விருந்தாளிங்க வர்றப்ப நான் எங்க இருப்பேன்னு ஒங்களுக்குத் தெரியாதா, பெரியவரே?"

பாரிமா தொப்பியைக் கழற்றினான். அவள் கத்தியை நைலானில் இறக்கி, மீன் வயிற்றைக் கீறுவது மாதிரி ஒரே இழுப்பில் கீறினாள். "டார்கோ சாகுறவரைக்கும் ஆடுற ஸ்டூல்ல உக்காந்தான். செத்த பெறகு வந்தவனெல்லாம் அவன் வெல்வெட்ல உக்காந்து அவன் சோத்தத் தின்னான். எனக்கு அது வேணாம், அதான் மஞ்சள்தான் வேணும்னு அவன்கிட்ட சொன்னேன். நான் மொதல்ல உக்காருறேன்" என்று சொல்லி, மஞ்சளைத் தடவி, விரலால் ஒரு கோடு போட்டு, அதை அழித்துவிட்டு, உட்கார்ந்தாள். பிறகு பக்கத்தில் தட்டினாள். "அந்தக் கறுப்ப அவுத்துட்டு வா. சாயம் ஒட்டும்."

துணி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸ் அன்று உபதேசியார்கூட வந்து உட்கார்ந்தார், எழுந்ததும் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் ஒட்டவில்லை. அச்சியா சிரித்துச் சிரித்து இருமினாள். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. இத்தனை மாதம் கேட்டதெல்லாம் போதும். நீயும் எழுதாதே.

ஒரு வேலை மட்டும் இருக்கிறது, கிறிஸ்துமஸ் கூட்டம் குறைந்ததும் நேரில் வந்து செய். உன் புதுப் பஞ்சு நீ சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. அவள் எழுந்து முற்றத்துக்குப் போனால், திரும்பி வருவதற்குள் பொங்கி நிமிர்ந்துவிடுகிறது. யாருமே உட்காராத மாதிரி. மற்ற நாற்காலிகளில் அது இருக்கட்டும். நீள சோபாவின் வலது ஓரத்தில் மட்டும் அதை எடுத்துவிட்டு, பழைய இலவம்பஞ்சை வைத்துக் கொடு. இலவம்பஞ்சு என்றால் உட்கார்ந்த இடம் குழிந்தபடியே இருக்கும். சீக்கிரம் வா, அவள் உட்கார்ந்து பழக நாள் வேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆணியை வாயில் வைத்துக்கொண்டு பேசாதே. அச்சியா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், தூங்கவில்லை, பக்கத்திலேயே இருக்கிறாள்.

உன் அக்கா,
டுஃபி